பல்லை ஒப்படைப்பதும் அமானிதமே



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் நம்மவர்கள் கூடுகிறார்கள். விலை பேசுவதற்கு முன் ஆட்டின் வாயைப் பிளந்து, பல் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண், காது, கொம்பு, கால் என ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். குர்பானிப் பிராணியில் குறை இருக்கலாகாது என்னும் சட்டத்தை அறிந்த சமுதாயம் இது. ஆகவே அந்தச் சோதனை சரியானதே. அதே மனிதர் தம் கடைவாய்ப் பல் வலிக்கும்போது என்ன செய்கிறார்? யாரோ சொன்ன ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறார். அங்கிருப்பவர் என்ன படித்தவர், அவர் கையிலுள்ள கருவி சற்றுமுன் எவர் வாயில் இருந்தது என்று ஒரு வார்த்தையும் கேளாமல் வாயைத் திறந்துவிடுகிறார்.

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என இந்தக் கரிசல் வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இந்த அலட்சியம் வேரூன்றி இருக்கிறது. அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் நான்கைந்து உண்டு. அவற்றுள் ஒன்றுகூட மார்க்கத்தின் முன்னும் அறிவின் முன்னும் நிற்காது என்பதே என் வாதம்.

"பல்தானே!"

முதற்காரணம் இது. போனால் ஒரு பல், கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். நம் ஃபிக்ஹுச் சட்ட நூல்களைத் திறந்து பாருங்கள். ஓர் உயிருக்கான முழு நஷ்டஈடு 100 ஒட்டகங்கள். பிறர் செயலால் விழும் ஒவ்வொரு பல்லுக்கும் 5 ஒட்டகங்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபடுகின்றன. ஒரு பல்லை உயிரின் மதிப்பில் இருபதில் ஒரு பங்காக ஷரீஅத் வைத்திருக்க, நாம் அதைத் துச்சமாகக் கருதுகிறோம்.

குர்ஆன் ஓதக் கற்பிக்கும் எங்களுக்குப் பல்லின் அருமை வேறொரு வகையிலும் தெரியும். தஜ்வீதுப் பாடத்தில் 32 பற்களுக்கும் வகை பிரித்துப் பெயர் சொல்லிக்கொடுக்கிறோம்: ஸனாயா 4, ரபாஇய்யாத் 4, அன்யாப் 4, அள்ராஸ் 20. மேல் முன்பற்களின் நுனி இல்லையேல் 'ஃபா' என்னும் எழுத்து சரியாகப் பிறக்காது. நாவின் பக்கவாட்டு விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களோடு சேரும் இடத்திலிருந்தே 'ளாத்' பிறக்கிறது.

எங்கள் மதரஸாவில் ஓதும் பதினொரு வயது மாணவன் ஒருவன் ஒரு வாரம் வராதிருந்தான். திரும்பி வந்தபோது மேல் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. சொத்தை விழுந்த பல்லை, 'கைராசிக்காரர்' எனப் பெயர் பெற்ற ஒருவரிடம் காட்டிப் பிடுங்கிவிட்டார்கள். அவருக்குப் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. "பால்பல்தானே, முளைத்துவிடும்" என்று அவர் சொன்னாராம், பெற்றோரும் நம்பிவிட்டனர். அது முளைக்காது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே, வரிசையின் பின்புறத்தில் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல்லாகும். பால்பல் விழுந்த இடத்தில் அது வராததால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணுகின்றனர். படித்த பல் மருத்துவர் எவருக்கும் இது பாலபாடம். அந்தப் பல்லை அடைத்தோ வேர்ச் சிகிச்சை செய்தோ காப்பாற்ற வழியுண்டா என்று பார்த்திருக்கலாம். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரிடம் பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை.

"நம்ம ஆள், தெரிந்தவர்"

இரண்டாம் காரணம் இதுவே. நம்மிடையே மிகுதியாகக் கேட்கப்படுவதும் இதுவே. உறவினர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், தொழுகையாளி, பணிவாகப் பேசுபவர் என்பார்கள். இவை யாவும் நற்பண்புகள்தாம். ஆனால் இவற்றுள் எது பல்லின் வேர் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்பதைச் சொல்லித்தரும்?

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மதீனாவுக்கு வழிகாட்ட யாரை அமர்த்தினார்கள் என்பதைப் புகாரியில் காண்கிறோம். அப்துல்லாஹ் பின் உரைகித் என்னும் அவர் அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். பாலைவழியை நன்கு அறிந்தவர், நம்பகமானவர். உயிருக்கு விலை வைக்கப்பட்டிருந்த அந்த வேளையில் அவர்கள் பார்த்தவை திறமையும் நாணயமும் ஆகிய இரண்டே. முவத்தாவில் இன்னொரு செய்தி உண்டு. காயமுற்ற ஒருவருக்காக பனூ அன்மார் கூட்டத்தார் இருவர் அழைக்கப்பட்டபோது, உங்கள் இருவரில் மருத்துவத்தில் தேர்ந்தவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இது முர்ஸலான அறிவிப்பு. ஆயினும் இமாம்கள் இதை எடுத்தாண்டு, சிகிச்சைக்கு அதிகத் திறமை உடையவரையே நாட வேண்டும் என்று விளக்கியுள்ளனர்.

மருத்துவம் அறிந்தவர் எனப் பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நல்லெண்ணத்துடன் செய்தேன் என்னும் சாக்கு அங்கே செல்லாது. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் நோயாளி இறந்தபோது, கலீஃபா முக்ததிர் நகரின் மருத்துவர்களைத் தேர்வுக்கு உட்படுத்த ஆணையிட்டார். தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித்திடம் தேர்வுக்கு வந்தவர்கள் சுமார் 860 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பட்டமும் பதிவும் கேட்பது மேற்கிலிருந்து வந்த வழக்கம் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

"அங்கே எப்போதும் கூட்டம்"

மூன்றாம் காரணம் கூட்டம். நெடுநாளாக நடக்கிறது, எல்லாரும் போகிறார்கள் என்பார்கள். இதற்கு விடை நம் ஊரில் இல்லை, வாணியம்பாடியில் இருக்கிறது. இஸ்லாமியாக் கல்லூரியாலும் தோல் தொழிலாலும் தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த ஊர் அது.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையிலான காலத்தில், அந்த வட்டாரத்தில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய்க்கு 21 பேர் ஆளானது கண்டறியப்பட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஆராய்ந்தனர். அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோயினர். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி அவர்கள் வாய்க்குள் எப்படிப் போயிற்று? வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலை அறுவைக் கருவியொன்றால் திறந்து, தளர்வாக மூடிவைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாட்டிலில் கிருமி இருந்தது. 2025இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் இந்த ஆய்வு வெளியானது.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பல்வலிக்குப் போன எட்டுப் பேர் கபுறுக்கும் மயானத்துக்கும் போனார்கள். அவர்கள் காட்டுக்குள் மறைந்திருந்த போலி வைத்தியனைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஊர் நடுவே, மற்றவர்களும் போய்வந்த இடத்துக்கே போனார்கள். கூட்டம் இருந்ததால் பாட்டில் தூய்மையாகிவிடவில்லை. அதைப் புதிதாகத் திறந்தீர்களா என்னும் ஒரு கேள்விக்கு அங்கே வேலை இருந்தது.

"கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார்"

இதுவே நான்காம் காரணம். இதில் பணிவைக் காட்டிலும் கோழைத்தனமே அதிகம். நல்ல மருத்துவர் கேள்வியால் கோபப்படுவதில்லை. கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே தேர்வின் முதற்படி. கேட்க வேண்டியவை அதிகமில்லை.

முதலாவது, பதிவு. சட்டப்படி, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரே பல் மருத்துவம் செய்யலாம். பி.டி.எஸ். என்பது ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பு. பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, அதிலுள்ள பெயரும் நாற்காலி அருகே நிற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பெயர்ப் பலகையில் ஒருவர், உள்ளே கருவி பிடிப்பவர் வேறொருவர் என்னும் நிலை பல ஊர்களில் உண்டு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அந்த மருத்துவமனையும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, துறை. சாதாரணச் சொத்தை அடைப்பதற்கும், பல் எடுப்பதற்கும், பெரும்பாலான வேர்ச் சிகிச்சைகளுக்கும் நல்ல பி.டி.எஸ். மருத்துவரே போதும். தாடை எலும்பில் புதைந்த ஞானப்பல், பல் வரிசையைச் சீராக்கக் கிளிப் போடுவது, முற்றிய ஈறு நோய், அடம்பிடிக்கும் சிறு குழந்தையின் பல், ஒருமுறை செய்து தோற்ற வேர்ச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறையில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரை நாடுங்கள். எம்.டி.எஸ். என்னும் மூன்றெழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் துறையில் என்று கேட்க வேண்டும். கிளிப் போடும் துறையில் தேர்ந்தவர் ஈறு அறுவையிலும் தேர்ந்தவர் ஆகிவிடுவதில்லை. இம்ப்ளாண்ட் என்பது நம் நாட்டில் தனி எம்.டி.எஸ். துறை அன்று. அதை வைப்பவர் எங்கே பயின்றார், எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். நம்மைப் போன்ற ஊர்களில் சிறப்பு மருத்துவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து குறிப்பிட்ட நாளில் வந்துபோகிறவர். அவர் போன பிறகு வீக்கமோ இரத்தப்போக்கோ வந்தால் யார் பார்ப்பார் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தூய்மை. ஸ்பிரிட்டில் துடைப்பதும் வெந்நீரில் போட்டு எடுப்பதும் கருவிக்கான கிருமிநீக்கம் ஆகாது. ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில், அழுத்தமுள்ள நீராவியில், 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டும். அவ்வாறு வைத்த கருவிகள் மூடிய உறையில் இருக்கும். உறையிலுள்ள குறி நிறம் மாறியிருக்கும். அந்த உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். கையுறை புதிது, மரப்பு ஊசி புதிது, சலைன் புதிது. தஹாரத் பற்றி மணிக்கணக்கில் மஸ்அலா பேசும் நாம், நம் இரத்தத்தோடு கலக்கும் ஊசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தயங்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

நான்காவது, காரணம். ஏன் இந்தப் பல்லை எடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுத்தீர்களா, காப்பாற்ற வழியில்லையா என்று கேளுங்கள். குர்துபாவின் அபுல் காஸிம் ஸஹ்ராவீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் அறுவை மருத்துவ நூலில் இதை எச்சரித்தார். வலி நோயாளியை ஏமாற்றும். அவர் நல்ல பல்லைக் காட்டுவார். அறிவற்ற நாவிதர்கள் அதைப் பிடுங்கிவிடுவார்கள். வலியோ போகாது என்பது அவர் கண்டது. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் அவர் காட்டிய நிதானத்தை, எக்ஸ்ரே இருக்கும் காலத்தில் நாம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஐந்தாவது, கணக்கு. எத்தனை அமர்வு, மொத்தச் செலவு என்ன, வேர்ச் சிகிச்சைக்குப் பின் மேலே போடும் உறைக்கு எவ்வளவு என்பவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். அவசரமில்லாத சிகிச்சையில் "இன்றைக்கே செய்தால் பாதி விலை" என்பவரிடம் வேண்டாம். வலியே இல்லாத பற்களில் ஐந்தாறுக்கு உறை போடச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நம்மைக் கேள்வி கேட்கிற மருத்துவரே நல்ல மருத்துவர் என்பதையும் நினைவில் வையுங்கள். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் எவ்வளவு, இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்டா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று கேளாமல் ஊசியை எடுப்பவர் அவசரக்காரர். கேட்கும்போது மறைக்கிற நோயாளியும் தன் உயிருக்குத் துரோகம் செய்கிறவரே. வலிக்கும் பல்லை மட்டும் பாராமல் நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் எல்லாம் பார்ப்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணும், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டும் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். அதை முதலில் காணும் வாய்ப்புப் பல் மருத்துவருக்கே அதிகம்.

"காசுக்கு எங்கே போவது?"

இந்தக் காரணத்தை மட்டும் நான் ஏளனம் செய்யமாட்டேன். தீப்பெட்டி ஆலையில் தினக்கூலிக்குப் போகிற தாய்க்கும், வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டுக் காத்திருக்கிற தகப்பனுக்கும் வேர்ச் சிகிச்சையின் செலவு பெரும் சுமை. ஆனால் ஏழைக்கு இருக்கும் வழி பட்டமில்லாதவரின் நாற்காலி மட்டுமன்று. முதலில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். பெரிய சிகிச்சை என்றால் மதுரையில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி, காவல்கிணறில் ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி போன்றவை உள்ளன. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். தனியார் மருத்துவமனையைவிடச் செலவு பொதுவாகக் குறைவு. பேருந்துக்கும் ஒருநாள் கூலிக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டாலும், கெட்டுப்போன சிகிச்சையைத் திருத்தும் செலவைவிட அது சிறிதே.

இங்கே நம் ஜமாஅத்துகளை நோக்கியும் ஒரு சொல். வலீமாவில் எத்தனை கிடா அறுத்தோம் என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஓர் ஏழைச் சிறுவனின் பல்லைக் காப்பாற்ற பைத்துல் மாலிலிருந்து எத்தனை முறை கொடுத்திருக்கிறோம்? ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு அதைக் கொடுத்து, அவர் அதைச் சிகிச்சைக்குச் செலவிடுவதில் எந்தத் தடையும் இல்லை. பள்ளிவாசல் வளாகத்தில் இலவசப் பல் முகாம் நடத்த யாராவது கேட்டால் உடனே இடம் கொடுக்கிறோம். வந்தவர் பதிவு பெற்றவரா என்று பார்த்தோமா? முகாம் முடிவில் ஒரே மருத்துவமனையின் தள்ளுபடிச் சீட்டை எல்லார் கையிலும் திணித்தால் அது தர்மமா, வியாபாரமா? படித்த இளைஞர் இருவரை நியமித்து, இவ்வட்டாரத்தில் பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் யார், எவரெவர் எந்தத் துறையில் தேர்ந்தவர் என்பதைச் சரிபார்த்து, மதம் பாராமல் ஒரு பட்டியலைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

பெண்களின் நிலை

நம் வீடுகளில் பெண்களே அதிகம் பொறுத்துக்கொள்கிறார்கள். பெண் மருத்துவர் இல்லை என்று மாதக்கணக்கில் மருந்துக்கடை மாத்திரையை விழுங்குகிறார்கள். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்வதே சிறந்தது. கிடைக்காதபோது, மஹ்ரம் உடனிருக்க, தேவையான அளவில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதற்கு ஃபிக்ஹு அனுமதிக்கிறது. இச்சலுகையை மறைத்து, மனைவியை வலியில் விட்டுவைப்பதற்குப் பேணுதல் என்று பெயரிடாதீர்கள். அதுபோலவே நோன்பு என்று காட்டியும் தள்ளிப்போடுகிறோம். பல்லைக் குடைவதும் எடுப்பதும், தொண்டைக்குப் போவதை விழுங்காதவரை, நோன்பை முறிக்காது என ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் 1997இல் தீர்மானித்துள்ளது.

தள்ளிப்போடுவதன் விளைவு என்ன? ஓர் இரவு தாடை வீங்குகிறது. வலி தாங்காத மனிதனால் பதிவையும் உறையையும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது; எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழைவான். ஆகவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் வலியில்லாத காலமே. இந்த மாதமே குடும்பத்துடன் ஒருமுறை போய்ப் பல்லைக் காட்டிவிட்டு, அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். காய்ச்சலுடன் தாடைக்குக் கீழ் வீக்கம் பரவினாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் முடியாமல் போனாலோ, பல் மருத்துவமனையைத் தேடி அலையாமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே விரையுங்கள்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அல்குர்ஆனின் (4:58) கட்டளை. நம் உடலும் நம் பிள்ளைகளின் உடலும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதங்கள். தகுதியற்ற கையில் அதை ஒப்படைத்துவிட்டு, நேர்ந்த கேட்டை விதியின்மீது சுமத்துவது தவக்குல் ஆகாது. விசாரியுங்கள், சரிபாருங்கள், கேளுங்கள். அதன் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், நல்லவரையும் வல்லவரையும் இனங்காணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.